பேட்ஜ் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: டர்போ சுபாருவுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

டிசம்பர் விடுமுறை தொடங்கித் தைப்பூசக் காவடி முடியும்வரை டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் பட்டறை வாசலில் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) நம்பர் பிளேட் போட்ட சுபாருக்கள்தான் அதிகம். சொந்தக்காரர்களைப் பார்க்க டர்பனுக்கு இறங்கி வந்தவர்களின் கார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "மேல நல்லாத்தான் ஓடுச்சு அண்ணே, இங்க இறங்கினதும் இப்படி." பிப்ரவரி முடிந்ததும் இங்கிருந்து மேலே போனவர்கள் போன் செய்து அதையே தலைகீழாகச் சொல்வார்கள்.

வருகிறவை பெரும்பாலும் 2.5 லிட்டர் இம்ப்ரெஸா எஸ்.டி.ஐ. கூடவே ஏதாவது ஒரு 'ஸ்பெஷல் எடிஷன்' சாமான் ஏறியிருக்கும்: பெரிய எக்ஸாஸ்ட், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்), கூம்பு ஃபில்டர், சத்தம் போடும் டம்ப் வால்வு, லேப்டாப்பில் ஏற்றிய மேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று பார்க்கும் கணக்கு). ஆசை நியாயமானதுதான். ஆனால் அசல் ஸ்பெஷல் எடிஷன்கள் எப்படி வந்தன என்பதை ஒருமுறை பாருங்கள். இங்கிலாந்தில் 320 கார்கள் மட்டுமே செய்த ஆர்.பி.320-இன் பலம் 320 குதிரை, நம் கணக்கில் 235 கிலோவாட். அதில் எக்ஸாஸ்ட், மேப், ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே வந்தன. 2010-இல் 75 கார்களோடு நின்றுபோன காஸ்வொர்த் சி.எஸ்.400-இல் 400 குதிரை வேண்டும் என்றதும் எஞ்சினைப் பிரித்து பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றினார்கள். நம் பையன்கள் அதே 400-ஐ ஒரு கேபிளும் லேப்டாப்பும் வைத்து எதிர்பார்க்கிறார்கள். செட்டாக வந்ததில் ஒரு துண்டை மட்டும் வாங்கி மாட்டியதுதான் கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம். மீதிப் பாதி ஹோஸ், கிளாம்ப், பெட்ரோல்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

மூன்று கேள்விகள். நான் யாரிடமும் இவற்றைக் கேட்காமல் பானெட்டைத் திறப்பதில்லை.

டேங்கில் என்ன பெட்ரோல்? கடற்கரையில் 95 ஆக்டேன் என்று பழகியவர்கள் மேலே போகும்போது ஹாரிஸ்மித்தில் நிறுத்துவார்கள். பெட்ரோல் போடும் தம்பியிடம் வாயைத் திறந்து 95 என்று சொல்லாவிட்டால் 93 ஏறிவிடும். "மேட்டுநிலத்தில் 93 போதும்" என்ற பேச்சு டர்போ இல்லாத காருக்குச் சரி. அங்கே காற்று மெலிசு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. டர்போ அந்தக் குறையை நிரப்பிவிடுகிறதே, அப்புறம் எங்கே சலுகை? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மேப் எங்கே போட்டது? டர்பன் கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோபர்க்கில் சுமார் 83. டாஷ்போர்டில் ஒட்டிய பூஸ்ட் கேஜ், டர்போ தள்ளும் அழுத்தம் (பூஸ்ட்) வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும். அதனால் அங்கே 1 பார் காட்டுகிற கார் இங்கேயும் 1 பார் காட்டினால், உள்ளே போகும் காற்று நிஜத்தில் கூடிவிட்டது என்று பொருள். ஜோபர்க் டைனோவில் (காரை உருளை மேல் ஓட்டிப் பலம் அளக்கும் மேடை) மேப் போட்டபோது அந்த அளவுச் சுமையை எஞ்சின் தொட்டதே இல்லை. அந்தப் பகுதி மேப்பில் யாரும் கைவைக்காத காடு.

கடைசியாக என்ன மாற்றினீர்கள்? "ஒண்ணும் மாத்தல" என்பார்கள். கார் டிக்கியைத் திறந்தால் பழைய இன்டேக் பைப் கிடக்கும்.

இன்னொன்று. செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டை (கோடு) எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்துவிட்டு என்னிடம் கொண்டு வருகிறவர்கள் தும்பை விட்டு வாலைப் பிடிக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்து வைத்திருந்ததெல்லாம் அதோடு போச்சு.

அறிகுறி 1: மிதித்தால் பூஸ்ட் ஏறவில்லை, கார் சோம்புகிறது

முதலில், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஜோபர்க்குக்கு ஏறும் வழியில் வான் ரீனன் கணவாய் தாண்டிய பிறகுதான் இது தொடங்கியது என்றால் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மெலிந்த காற்றில் டர்போ சுற்ற ஆரம்பிக்கவே நேரம் பிடிக்கும். 3,000-இல் வந்த இழுப்பு கொஞ்சம் தள்ளி வரும். வந்த பிறகு நன்றாக இழுத்தால் விட்டுவிடுங்கள். வரவே இல்லை என்றால் கீழே போங்கள்.

ஹோஸும் கிளாம்பும். டர்போவுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள ரப்பர், இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர், டம்ப் வால்வு உட்காரும் கேஸ்கெட். இந்த மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல், கூடவே பின்னால் கறுப்புப் புகை என்றால் இங்கேதான் காற்று ஓடுகிறது. இன்டேக்கில் இருக்கும் காற்று மீட்டர் எண்ணிய காற்று வழியில் தப்பிவிடுகிறது, பெட்ரோல் மட்டும் எண்ணியபடி வருகிறது, அதனால்தான் கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு, இன்டேக் வாயை அடைத்துக் கம்ப்ரஸரிலிருந்து அரை பார் காற்று விட்டுச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அரை பாருக்கு மேல் வேண்டாம், சீல்கள் பாவம். ஒரு கிளாம்பின் விலை கால் பன்னி சௌவை (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) விடக் குறைவு. அந்தக் கிளாம்ப் தளர்ந்ததற்காகப் புது டர்போ வாங்க வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஹோஸுக்குள் இருக்கும் பித்தளை மணி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டர்போவிலிருந்து பூஸ்ட் சோலனாய்டுக்கு (கம்ப்யூட்டர் திறந்து மூடும் மின் வால்வு) போகும் சன்னமான குழாய்க்குள் துளை சிறுத்த ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். பழைய ரப்பரை எடுத்துப்போட்டு நீலமும் சிவப்புமாகச் சிலிக்கான் ஹோஸ் மாட்டும்போது, அது பழைய ஹோஸோடு குப்பைக்குப் போய்விடும். அப்புறம் சோலனாய்டு எவ்வளவு வெளியேற்றினாலும் வேஸ்ட்கேட்டுக்கு (டர்போவைச் சுற்றாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) முழு அழுத்தம் போய்ச் சேரும். கேட் சீக்கிரம் திறக்கும், பூஸ்ட் வராது. ஹோஸ் மாற்றிய வாரத்திலிருந்தே சோம்பல் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். பழைய ஹோஸைக் குப்பையிலிருந்து பொறுக்குங்கள்.

சோலனாய்டும் அதன் கனெக்டரும். டர்பன் உப்புக்காற்று கனெக்டர் பின்களைப் பச்சையாக்கிவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டிப் பாருங்கள். பி0244, பி0245 போன்ற கோடு வந்தால் சந்தேகம் இந்தப் பக்கம்தான்.

டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. காலையில் குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடானதும் மறைந்தால் ஹெடர் அல்லது அப்பைப் கேஸ்கெட். டர்போவைச் சுற்ற வேண்டிய புகை வெளியே போகிறது. போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும், உடைந்தால் பெரிய வேலை. லிஃப்ட் இல்லாமல் தொட வேண்டாம்.

கடைசியாக டர்போ. இன்டேக் ஹோஸைக் கழற்றி நடு நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் இருந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போ முடிந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் பேஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும் மாடல்கள் உண்டு. அது கசடால் அடைத்துத்தான் பழைய டர்போ செத்திருக்கலாம். அதைப் பார்க்காமல் புது டர்போவை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். டர்போ மாற்றுவது பட்டறை வேலை. அந்த வலையைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: நல்ல இழுப்பில் சுவரில் மோதியது போல் நிற்கிறது

அரை நொடி எல்லாம் அணைந்து மறுபடி இழுக்கும். முதல்முறை நடந்தால் எஞ்சின் வெடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். அது கம்ப்யூட்டர் செய்யும் காரியம்: பூஸ்ட் எல்லை தாண்டியதும் பெட்ரோலை வெட்டுகிறது. அதைக் கும்பிட வேண்டும். அந்த எல்லையை மேப்பில் உயர்த்திக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலர் இருந்தால், அதைக் கழற்றி அசல் சோலனாய்டுக்கே மாற்றுங்கள். ஜோபர்க்கில் திருகி வைத்தது கடற்கரைக்கு இறங்கியதும் வெட்டுவது இதனால்தான். அது வெளிக்காற்றின் கணக்கை அறியாது.

அப்படி ஒன்று இல்லை என்றால், வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸ் கழன்றதா, பிளந்ததா என்று பாருங்கள். கழன்றால் கேட்டைத் திறக்க அழுத்தமே இல்லை. இரண்டு நிமிட வேலை.

ஹோஸ் நன்றாக இருந்து, பூஸ்ட் ரெவ்வோடு சேர்ந்து மெதுவாக மேலே மேலே ஏறினால், அது பெரிய டவுன்பைப்பின் விளைவு. புகை தாராளமாக வெளியேறுவதால் சின்ன வேஸ்ட்கேட் துளை சமாளிக்க முடியவில்லை. துளையைப் பெரிதாக்க டர்போவை இறக்க வேண்டும். நீங்களே கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். டவுன்பைப்புக்கு ஏற்ற மேப் இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்றால், மேப் போடும்வரை பழைய பைப்பை மாட்டி ஓட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அறிகுறி 3: விக்கல், துடிப்பு, ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது அணைவது

விக்கல் எப்போது வருகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

கியர் மாற்றும்போதும், சிக்னலில் வந்து நிற்கும்போதும் என்றால்: டம்ப் வால்வு. காற்றை வெளியே ஊதும் வகை. 'பிஷ்' என்ற சத்தம் வருகிறதல்லவா, அந்தக் காற்றை மீட்டர் ஏற்கெனவே எண்ணிவிட்டது. எண்ணிய காற்று போய்விட, பெட்ரோல் மட்டும் உள்ளே போய் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. காற்றை இன்டேக்குக்கே திருப்பி அனுப்பும் அசல் வால்வை மாட்டுங்கள். செலவு பூஜ்யம், அது உங்கள் வீட்டுக் கராஜில்தான் இருக்கிறது. சத்தம் போய்விடுமே என்று வருத்தப்பட்ட ஒரு தம்பிக்கு நான் சொன்னது: "சத்தம் வேணும்னா வாயால ஊது."

முழு பூஸ்ட்டில் மட்டும் என்றால்: பிளக். பூஸ்ட் கூட்டினால் பொறி அணைந்துவிடும். இடைவெளியை 0.7 மி.மீ. பக்கம் வைத்துப் பாருங்கள். பேட்டரியையும் வாஷர் டப்பாவையும் எடுத்தால்தான் பக்கவாட்டில் கை போகும், பொறுமை தேவை. எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள், அலுமினிய மரை சூட்டில் பிய்ந்துவிடும். கோடு பி0301 முதல் பி0304 வரை ஒன்றாக இருந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். அந்தக் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில் போனது. நகராமல் அதே சிலிண்டரில், அதுவும் 4-இல் நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அறிகுறி 4-க்குப் போங்கள்.

எப்போதும் ஒரு மாதிரியான தடுமாற்றம் என்றால்: காற்று மீட்டர். எண்ணெய் தடவிய கூம்பு ஃபில்டரிலிருந்து எண்ணெய் பறந்து அதன் மெல்லிய கம்பியில் படிகிறது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், கார்பரேட்டர் கிளீனர் வேண்டாம். அப்புறம் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றால் இரண்டு வழி. ஐட்லிங்கில் மட்டும் கூடி, ரெவ் ஏற்றினால் குறைந்தால் எங்கோ வேக்யூம் கசிவு. சுமை ஏற ஏறக் கூடினால் மீட்டரோ பெட்ரோல் பம்போ. இன்டேக் பைப்பின் விட்டம் அசலைவிடப் பெரிதென்றால் எத்தனை கழுவினாலும் சரியாகாது. அந்தப் பைப்புக்கு மேப்பில் மீட்டர் கணக்கைத் திருத்த வேண்டும், டியூனர் வேலை.

அறிகுறி 4: மேட்டில் மிதித்தால் டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போல் சத்தம்

மற்ற எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். இதற்குப் பெயர் நாக்கிங்: சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் தானாக வெடிப்பது. இந்த எஞ்சினைக் கொல்வது இதுதான். சத்தம் காதில் விழும்போதே தாமதம். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் சத்தத்தில் விழவே விழாது.

உடனே செய்ய வேண்டியது: காலை எடுங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் ஏறிக்கொண்டிருந்தால் கியரைக் குறைத்து, அரை மிதியில் ஏறுங்கள். "இன்னொரு தடவை மிதிச்சு கேட்டுப் பாக்கலாம்" என்பது பல ஆயிரம் ராண்ட் யோசனை.

பெட்ரோல். 93 கலந்திருந்தால் டேங்க் காலியாகும்வரை பூஸ்ட்டே தொடாமல் ஓட்டி, 95 நிரப்புங்கள். டிசம்பரில் வரும் கேஸ்களில் எனக்கு முதல் சந்தேகம் இதுதான்: மேலே போட்ட பெட்ரோல், மேலே போட்ட மேப், கீழே இருக்கும் கெட்டிக் காற்று. மூன்றும் ஒரே சாலையில் சந்திக்கின்றன.

சூடு. இன்டர்கூலர் எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பிப்ரவரி மதியம், டிராஃபிக்கில் அரைமணி நேரம், உடனே ஒரு முழு மிதி. உள்ளே போவது கொதிக்கும் காற்று. சில நிமிடம் காற்றோட்டத்தில் ஓடிய பிறகு சத்தம் இல்லை என்றால் கோளாறு இல்லை, பழக்கத்தை மாற்றுங்கள். இன்டர்கூலர் இடுக்குகளில் பூச்சியும் இலையும் அடைத்திருந்தால் கழுவுங்கள்.

இன்டேக்கில் ஆயில். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு கரண்டி ஆயில் கொட்டுகிறதா? பெட்ரோலோடு கலக்கும் ஆயில் அதன் ஆக்டேனைக் கீழே இழுக்கும். லேசான படலம் சகஜம். வழிந்தால் பி.சி.வி. வால்வை (எஞ்சின் உள்புகையை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) மாற்றுங்கள், அது மலிவு. மாற்றியும் வழிந்தால் பிஸ்டன் வளையத்தின் பக்கமிருந்து காற்று ஊதுகிறது என்று பொருள்.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது. சுபாரு கம்ப்யூட்டர் தன் மேப் மேல் தனக்குள்ள நம்பிக்கையை ஓர் எண்ணாக வைத்திருக்கும். டியூனர்கள் அதை ஐ.ஏ.எம். என்பார்கள். புதிய கம்ப்யூட்டர்களில் 1 முழு மதிப்பு, பழையவற்றில் 16. கேபிள் போட்டுப் பார்க்கும்போது அது முழுமைக்குக் கீழே இறங்கியிருந்தால், எஞ்சின் கொஞ்ச நாளாகவே உங்களிடம் கத்திக்கொண்டிருக்கிறது. ரீசெட் செய்தால் அந்த எண் அழிந்துவிடும், கத்தல் நிற்காது.

கலவை. முழு பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 12-ஐத் தாண்டினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். மேல் ரெவ்வில் மட்டும் மெலிந்தால் பம்ப் அல்லது இன்ஜெக்டர் போதவில்லை. இந்த அளவை ரோட்டில் எடுக்கக் கூடாது. இரவில் எம்4 நெடுஞ்சாலையில் 'டெஸ்ட்' செய்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேறு இடம் வேண்டும். நாலு சக்கரமும் ஏறும் டைனோவில் செய்யுங்கள், முன்சக்கரம் மட்டும் ஓட்டும் டைனோ இந்தக் காருக்கு ஆகாது. மேட்டுநில டைனோ தாளில் கடல்மட்டத் திருத்தம் போட்ட கிலோவாட் எண் இருந்தால் அதை நம்பிக் கல்யாணம் பேசாதீர்கள். டர்போ இல்லாத காருக்காக வந்த அந்தத் திருத்தம் டர்போவுக்குக் காகிதக் குதிரைகளைக் கூட்டிக் காட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும், அல்லது நாக்கிங்கோடு ஒரு மாதம் ஓட்டிய பிறகு, இவற்றில் ஒன்று தெரிந்தால்: ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் எஞ்சின் போல் புகை விட்டுவிட்டு வருகிறது, டிப்ஸ்டிக் தானே மேலே எழும்புகிறது, ஒரே சிலிண்டரில் துடிப்பு. பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கலாம். 2.5 எஞ்சினின் வார்ப்பு பிஸ்டன்கள் நாக்கிங் தாங்காதவை.

உறுதி செய்ய முதலில் கம்பிரஷன் டெஸ்ட். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஜோபர்க்கில் எடுத்த எண் டர்பனில் எடுத்ததைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும், காற்று அப்படி. மேலே கார் வாங்கப் போய், எண் குறைவு என்று நல்ல காரை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அதே ஊரில் எடுத்த நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், அது போதும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் லீக்டவுன் டெஸ்ட். அந்தச் சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் காதைக் கொடுங்கள். ஆயில் மூடியில் சீறினால் வளையம் அல்லது பிஸ்டன். த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கசிவு 20 சதவீதத்துக்கு மேல் என்றால் எஞ்சின் இறங்க வேண்டும்.

இங்கே நீங்கள் நிற்க வேண்டும். இனிமேல் எஞ்சின் பில்டர். ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 5: புகை

கறுப்பு என்றால் அறிகுறி 1, 3.

நீலம் என்றால் எப்போது என்று கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சின்னப் புகை, அப்புறம் இல்லை. காரைச் சரிவில் நிறுத்தியிருந்தீர்களா? படுத்த எஞ்சின் இது, சாய்ந்து நின்றால் ஆயில் ஒரு பக்கம் தேங்கும். சாட்ஸ்வொர்த்தில் சமதளத்தில் கார் நிறுத்தக் கொடுத்துவைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வாரம் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். ரோபோவில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது நீலப் புகை என்றால் டர்போ சீல் அல்லது வால்வு சீல். பூஸ்ட்டில் தொடர்ந்து நீலம் என்றால் வளையம், அறிகுறி 4-இன் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

வெள்ளை: ஜோபர்க் ஜூன் மாதக் காலையில் எல்லாக் காரும் வெள்ளைப் புகை விடும். எஞ்சின் சூடான பிறகும் விடாமல், இனிப்பு வாசனையோடு வந்து, கூலன்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள்.

அறிகுறி 6: அடியில் சுத்தியல் அடிப்பது போல் சத்தம்

நாக்கிங் கூழாங்கல் என்றால் இது சுத்தியல். 2,500 முதல் 3,500 ரெவ்வுக்குள் நன்றாகக் கேட்கும், காலை எடுக்கும்போது இன்னும் தெளிவாக. எஞ்சினை அணையுங்கள். வீடு இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் அணையுங்கள்.

டிப்ஸ்டிக் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு நாலு லிட்டரை ஒட்டித்தான் ஆயில், டர்போ அதையும் கொஞ்சம் குடிக்கும். ஒரு லிட்டர் குறைந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் பேரிங் வறண்டுவிடும். ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்று நம்பி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிராங்க் கீறியிருந்தால் ஒவ்வொரு சுற்றும் பில்லில் ஏறும். முறித்துக்கொண்ட பிறகு சொல்லிப் பயன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்கள்.

அறிகுறி 7: பார்க்கிங்கில் முழுதாகத் திருப்பினால் இழுக்கிறது, குதிக்கிறது

எஸ்.டி.ஐ. என்றால் முதலில் ஹேண்ட்பிரேக் பக்கம் இருக்கும் சென்டர் டிஃப் (முன், பின் சக்கரங்களுக்கு இழுப்பைப் பிரிக்கும் பாகம்) திருகு சக்கரத்தைப் பாருங்கள். பையன் யாராவது மேனுவலில் முழு லாக் வைத்துவிட்டு மறந்திருப்பான். ஆட்டோவுக்கு மாற்றுங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும்.

அடுத்து டயர். நம் ரோட்டுக் குழிகளுக்கு ஒரு டயர் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது வழக்கம். இந்தக் காரில் அது வேலைக்காகாது. தையல்காரர் டேப் எடுத்து நான்கு டயரின் சுற்றளவையும் அளங்கள். ஒன்றுக்கொன்று 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்டர் டிஃப் ஓயாமல் உழைத்துச் சூடாகிறது. காற்றழுத்தமும் சமமாக இருக்கட்டும். அகலமான ரிம் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று ஸ்பெஷல் எடிஷன் தோற்றத்துக்காகப் போட்டிருந்தால், அளந்து பார்க்கவே வேண்டாம், கழற்றுங்கள்.

டயரும் சரி என்றால், மண் தரையில் முதல் கியரில் முழுத் திருப்பத்தில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். தார் ரோட்டில் குதித்தது மண்ணில் காணாமல் போனால் சென்டர் டிஃப். மண்ணிலும் 'கடக் கடக்' என்று கேட்டால் சி.வி. ஜாயின்ட், அது அவ்வளவு செலவில்லை. சென்டர் டிஃப் என்று தெரிந்தால், கியர்பாக்ஸ் ஆயிலும் பின் டிஃப் ஆயிலும் மாற்றி ஒருமுறை பாருங்கள். அப்புறமும் இருந்தால் கியர்பாக்ஸ் இறங்கும். ரோட்வொர்த்தி டெஸ்டுக்குப் போகும்போதும், பிரேக் ரோலரில் ஏற்றுமுன் இது நாலு சக்கரமும் ஓடும் கார் என்று அங்கிருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி 8: ரெவ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச். நாலாம் கியர், 2,500 ரெவ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் (Town Hill) போன்ற ஏற்றத்தில் முழு மிதி. ஊசி தாவினால் வழுக்குகிறது. கிட் போட்ட பிறகு வந்தது என்றால் அசல் கிளட்சுக்கு அந்த டார்க் அதிகம். கியர்பாக்ஸ் இறக்கும் வேலை, வீட்டில் வேண்டாம். இறக்கும்போது கிராங்க் பின் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்டு வழுக்கியிருந்தால் புது கிளட்சும் வழுக்கும்.

காரை இழுத்துப் போக வேண்டி வந்தால்

மேலே எந்த அறிகுறியிலாவது 'ஓட்டாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் டோ வண்டிதான். போனில் கூப்பிடும்போதே ஃபிளாட்பெட் வேண்டும் என்று சொல்லுங்கள். முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கொக்கியில் இழுக்கும் வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். இரண்டு சக்கரம் நின்று இரண்டு சுற்றினால் எஞ்சின் கோளாறோடு வந்த காருக்கு கியர்பாக்ஸும் சேர்ந்து போகும். நாலு சக்கரமும் தரையை விட்டு ஏறியதா என்று நின்று பார்த்துவிட்டு, ஸ்கேனரில் எழுதிய கோடுகளையும், எங்கே மேப் போட்டது, எங்கே பெட்ரோல் போட்டது என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் செருகி அனுப்புங்கள்.